கதவில் ஏறாதவர்கள்

பேட்டரித் தொழிற்சாலையின் ஈயம் உருக்கும் பிரிவில் பென்ஷன் விஷயமாக யாரும் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. கருவி அலமாரியின் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கதவின் உட்புறத்தில் வெள்ளை பெயிண்டில் இருபத்து மூன்று பட்டப்பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். செவிடன், நாற்பத்தொன்று. ஒட்டகம், பத்தொன்பது. பெரிய சட்டி, நான்கு. ஓய்வு பெற்ற பிறகு ஆள் எத்தனை மாதம் இருந்தான் என்பதுதான் அந்த எண். சாவுச் செய்தி வந்த மறுநாள், கிரேன் ஓட்டுகிற கொக்கி ஒரு மெல்லிய தூரிகையோடு போய் எழுதிவிட்டு வருவான். எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். முடித்ததும் யாராவது ஒருவன், "பரவாயில்ல, நாப்பதைத் தாண்டிட்டான்" என்பான், பரீட்சையில் தேறிய பையனைச் சொல்வதுபோல. கதவிலேயே பெரிய எண் எழுபத்தொன்று.

கம்பெனி கொடுக்கிற தாளில் இரண்டு கட்டங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் மாதாமாதம், சாகும்வரை. செத்தபின் மனைவிக்குப் பாதி, அவள் இருக்கும்வரை. மாதாமாதம் வாங்கி அந்த மொத்தத் தொகையை எட்டிப்பிடிக்கத் தொண்ணூற்றாறு மாதம் ஆகும். கதவில் ஒருவனும் எண்பதைக்கூடத் தொடவில்லை. பிறகென்ன யோசனை?

"ஈயத்துல நின்னவன் எட்டு வருஷம் எவன்டா இருந்திருக்கான்? மொத்தமா வாங்கு. யாருக்குக் கொடுக்கணுமோ கொடு. போய்ச் சேரு." இது கொக்கியின் வேதம். பிரிவில் பாதிக்கு மேல் அந்த வேதத்தைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

மூடிக்கு ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. முப்பத்தொரு வருடம் உலையடியில் நின்றவர். முகமூடியை ஒருநாளும் இறக்காதவர் என்பதால் அந்தப் பெயர். மற்றவர்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுப் புகை பிடித்தார்கள், ஈயம் படிந்த கையோடு டீ குடித்தார்கள். இவர் வாரம் தவறாமல் வடிகட்டியை மாற்றுவார். வீட்டுக்குப் போகுமுன் முழங்கைவரை மூன்று தடவை சோப்புப் போடுவார். "எமன் வந்தாலும் இவன் மூஞ்சி தெரியாம திரும்பிப் போயிடுவான்" என்று சிரிப்பார்கள். அவரும் முகமூடிக்குள் சிரித்துக்கொள்வார்.

கணக்கில் அவர் மோசமில்லை. கதவிலிருந்த எண்களைக் கூட்டி வகுத்தார். முப்பத்தெட்டு மாதம் வந்தது. முகமூடிக்காகத் தாராளமாக இரண்டு வருடம் சேர்த்துக்கொண்டார். ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. ஐம்பத்தெட்டும் ஐந்தும் அறுபத்து மூன்று. தன் சாவு வயதை இப்படிக் கண்டுபிடித்த அன்று அவருக்குப் பயம் வரவில்லை. ஒரு வேலையை முடித்த திருப்திதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது, மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"எனக்கு ஒரு அஞ்சு வருஷம்னு வை. பணத்தை மொத்தமா வாங்கி உங்ககிட்ட கொடுத்துடறேன். எவ்வளவு நாள்தான் வாடகை வீட்டுல கிடப்பீங்க? ஒரு வீட்டை வாங்குங்க. எங்களுக்கு ஒரு ரூம் விடுங்க. அதுக்கப்புறம் அம்மாவைப் பார்த்துக்கங்க."

"என்னப்பா பேச்சு இது, வாயைக் கழுவுங்க முதல்ல" என்று மகள் அழுதாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாய் அதிகம் பேசாத, கை சும்மா இருக்காத மனிதர்.

அழுகை அந்த ஞாயிறோடு தீர்ந்தது. அடுத்த ஞாயிறு ஒரு வீடு பார்த்திருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு முன்பணமே கொடுத்துவிட்டு வந்தார்கள். கல்யாணம் ஆன ஆறு வருடமாக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தது முழுவதும் அது. மீதியை மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் முன்பணம் திரும்பி வராது.

மூடி முதல் கட்டத்தில் டிக் போட்டார். மனைவி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து நீட்டினார். அவள் தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள். மடியில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்த சட்டை கிடந்தது. ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டுப் புள்ளி இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். என்ன தாள் என்று அவள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

ஆளை வெளியே அனுப்புமுன் கம்பெனி உடம்பைச் சோதித்துப் பார்க்கும். அக்கறை ஒன்றும் கிடையாது. நாளைக்கு எவனாவது வழக்குப் போட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள். நாலு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார்.

"எந்தப் பிரிவு நீங்க?"

"உருக்கறது சார்."

"அப்படியா?" டாக்டர் தாளைத் திருப்பிப் பெயரைச் சரிபார்த்தார். "நுரையீரல் சுத்தமா இருக்கு. ஹார்ட்டு நாப்பது வயசுக்காரன் மாதிரி அடிக்குது. ரத்தத்துல ஈயம் வெறும் பதினொண்ணு, மத்தவங்களுக்கு நாப்பதுக்குக் குறையறதில்ல. உங்க பிரிவுல இப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் பார்த்ததே இல்ல. சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. உங்களுக்கென்ன, தொண்ணூறு வரைக்கும் ஓடலாம்."

மூடி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"கொஞ்சம் நல்லாப் பாருங்க சார். எதுவுமே இல்லையா?"

"பல்லு ரெண்டு ஆடுது. அதுக்கெல்லாம் யாரும் சாகறதில்ல" என்று டாக்டர் முத்திரையைக் குத்தினார்.

அந்த ரிப்போர்ட்டின் நகலைப் பென்ஷன் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மாடியில் ஒரு நீளமான அறை. சுவரோரம் இரண்டு பெஞ்சு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேடம், தடுப்பின் ஓட்டைக்கு முன்னால் விரல் வைக்கிற சின்னக் கருவி. வருடத்துக்கு ஒருமுறை பென்ஷன்காரர்கள் நேரில் வந்து விரலை வைத்து, இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். மூடி அங்கே போனது அதற்கான வாரத்தில். பெஞ்சு நிறையக் கிழடுகள்.

"டேய் மூடி!"

திரும்பினார். பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது சீட்டி. உலையடியில் விசில் அடித்தபடியே வேலை செய்த மனிதர். பத்தொன்பது வருடம் முன்பு ஓய்வு பெற்றுப் போனவர்.

"அண்ணே... நீங்க..."

"இருக்கேன்டா. ஏன், போயிருக்கணுமா?"

"இல்லண்ணே, சும்மாதான்..."

"சும்மா என்ன? இவனைத் தெரியுதா, உலக்கை. அங்க கண்ணாடி போட்டிருக்கறவன் உன்னை வேலைக்குச் சேர்த்த மேஸ்திரி. எண்பத்தொண்ணு ஆகுது. காது மட்டும் கேக்காது. முன்னாடியே நாம சொல்றது எதுவும் அவன் காதுல விழுந்ததில்ல, அதனால வித்தியாசம் தெரியல."

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. மூடி எண்ணினார். ஆறு பேர். ஆறு பேரும் அவர் பிரிவு. ஆறு பேரின் பெயரையும் அவர் கதவில் பார்த்ததில்லை.

"அண்ணே, கதவுல உங்க யார் பேரும் இல்லையே?"

சீட்டி அவரை விநோதமாகப் பார்த்தார். "செத்தவன் பேரைத்தானடா அதுல எழுதுவாங்க? நான் எப்படி அதுல ஏறுவேன்?"

மூடி பெஞ்சை விட்டுத் திரும்பினார். கண்ணாடித் தடுப்பின் முன் போய் நின்று, உருக்கும் பிரிவில் எத்தனை பேர் மாதாமாதம் வாங்குகிறார்கள் என்று கேட்டார். மேடம் ஏதோ தட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தேழு. அதுல பதினாறு பேர் எழுபத்தஞ்சைத் தாண்டினவங்க. ஏன் கேக்கறீங்க? உங்களுது மொத்தமா வாங்கற கேஸ் ஆச்சே."

"மொத்தமா வாங்கினவங்க எத்தனை பேர் இருக்காங்க மேடம்?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? பணத்தைக் கொடுத்ததோட கணக்கு முடிஞ்சுது."

பின்னாலிருந்து சீட்டி பதில் சொன்னார். "லாரியைத் தெரியுமில்ல? மொத்தமா வாங்கிப் பையனுக்குக் கடை வெச்சுக் கொடுத்தான். எழுபத்து நாலு வயசு. பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாசல்ல உக்காந்து சில்லறை வாங்கிப் போடறான். பையன் வீட்டுல ராத்திரி மட்டும் படுத்துக்கலாமாம். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆனவன் செத்தா உங்க கதவுக்குச் சேதிகூட வராது."

முப்பத்தொரு வருடம். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறார். எழுதப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் எழுதப்படாதவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு மடையனும் கேட்கவில்லை, கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த இவர் உட்பட. பன்னிரண்டு கிலோ ஈயக்கட்டியில் பத்து கிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிற ஆட்கள்.

மறுநாள் கொக்கியிடம் சொன்னார். கொக்கி காதைக் குடைந்தபடி கேட்டுவிட்டு, "இருக்கறவனை எப்படிடா எழுத முடியும்? எண்ணிக்கை முடியணுமில்ல?" என்றான். அவனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ கையெழுத்துப் போட்டாச்சுதானே? அப்ப ஏன் கிளறிக்கிட்டு இருக்கே?" என்றான்.

போட்டாச்சு. ஆனால் தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. பதினைந்தாம் தேதிவரை மாற்றிக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் நேரில் வர வேண்டும். அன்று தேதி எட்டு.

ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார். மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க இப்படிப்பட்ட தாள்களைத்தான் தட்டச்சு செய்கிறாள். டாக்டரைவிட வேகமாகப் படித்தாள். கண் வரிவரியாக இறங்கியது. இறங்க இறங்க முகமும் இறங்கியது. அவள் அதைத் தடுக்கப் பார்த்தாள் என்பதும் தெரிந்தது.

"எல்லாம் நார்மல்ப்பா" என்றாள்.

"ஆமா."

"ஈயம்கூட பதினொண்ணுதான்."

"ஆமா."

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றார் மாப்பிள்ளை. தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அடுப்படி வாசலில் நின்ற மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லா இருக்குன்னுதானே வந்திருக்கு? அதுக்கு ஏன் மூணு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

மூடி தொண்டையைக் கனைத்தார். கதவைப் பற்றிச் சொன்னார், பெஞ்சைப் பற்றிச் சொன்னார், பஸ் ஸ்டாண்டு லாரியைப் பற்றியும் சொன்னார். கடைசியாக, "மாசாமாசம்னு மாத்திடலாமான்னு பாக்கறேன்" என்றார்.

"அட்வான்ஸ் கொடுத்தாச்சேப்பா." மகளின் குரல் கெஞ்சியது. "அஞ்சு வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்ன மாத்திரத்தில் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவள் சொன்னதில் பொய்யில்லை. அவள் கேட்டு வாங்கவில்லை. சாகிறேன் என்று வாக்குக் கொடுத்தது அவர்தான்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். "மாமா, நாங்க ஆடம்பரத்துக்குப் பண்ணல. எல்லாத்தையும் எழுதித்தான் வெச்சிருக்கேன். வீட்டுக் கடன், வட்டி, உங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு, மருந்து. எதையும் விடல. அஞ்சு வருஷத்துக்கு இவ்வளவு. இதுக்கே நான் ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போகணும். இருபத்தஞ்சு முப்பது வருஷம்னா, நான் ஒத்தை ஆள் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க."

நியாயமான தாள்தான். கட்டம் போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன மாப்ள, 'அத்தை மட்டும்'னு போட்டிருக்கு?"

மாப்பிள்ளையின் காது சிவந்தது. "அது... மாமாவுக்கு அப்புறம், அத்தை."

"அதுல எனக்கு எத்தனை வருஷம்?"

"சும்மா ஒரு உத்தேசம்தான் அத்தை."

"உத்தேசமா எத்தனை?"

"பத்து."

அவள் விரல் விட்டு எண்ணினாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. "அப்ப அறுபத்தேழுல நானும் கிளம்பிடணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று கேட்டுக்கொள்வதுபோல இருந்தது. பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். மகளும் மாப்பிள்ளையும் செருப்பை மாட்டும்வரை அந்தச் சத்தம்தான் கேட்டது.

அவர்கள் போனபின் மூடி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"வாக்குக் கொடுத்துட்டேன். பொண்ணு காசு போயிடும். என்ன பண்றதுன்னு தெரியல."

"என்ன தாள்ல என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க?"

சொன்னார். இரண்டு கட்டத்தையும் சொன்னார். மாதாமாதம் என்றால் தனக்குப் பின் அவளுக்குப் பாதி உண்டு என்பதையும், மொத்தம் என்றால் ஒன்றும் இல்லை என்பதையும் அன்றுதான் முதல்முறையாக அவளிடம் சொன்னார். சொல்லும்போது அது தன் காதுக்கே எப்படிக் கேட்கிறது என்று கவனித்தார்.

அவள் குழாயை மூடினாள்.

"உங்க சாவை நீங்க எடுத்துக் கொடுத்தீங்க. அது உங்க இஷ்டம். என்னுதையும் சேர்த்துல்ல கொடுத்திருக்கீங்க? யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"அவ நம்ம பொண்ணுதானே, பார்த்துக்க மாட்டாளா?"

"பத்து வருஷம் பார்த்துப்பா. எழுதி வெச்சிருக்காங்களே." கையைத் துடைத்தாள். "நாளைக்குப் போறோம். மாத்தறோம்."

மூடிக்கு நெஞ்சு லேசானது. இத்தனை பேரில் ஒருத்தியாவது தான் இருப்பதற்குச் சம்மதிக்கிறாள் என்று நினைத்தார். "நீயாவது என்னைப் புரிஞ்சுக்கிட்டியே" என்றார்.

"நான் உங்களுக்காக வரல" என்றாள் அவள். "நீங்க போனப்புறம் பாதி வரும்ல, அதுக்கு வரேன்."

மறுநாள் போனார்கள். பென்ஷன் மேடம் புதுத் தாளை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை மூடி புள்ளி வைக்கவில்லை. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை. பாதி என்று எழுதியிருந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மகள் அன்று சாயங்காலமே தனியாக வந்தாள். வேலை செய்யும் இடத்துச் சீருடையோடு வந்தாள். உட்காரவில்லை.

"நாங்க உங்களைச் சாகச் சொல்லலப்பா. அதை மட்டும் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க சொன்னதை நம்பினோம், அவ்வளவுதான். ஆறு வருஷம். ஒரு நல்ல புடவை எடுத்ததில்ல நான்."

"மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா உங்களுக்கு..."

"வேணாம்ப்பா. அதுக்கும் ஒரு கணக்குப் போட்டு உக்காரணும். என்னால முடியல."

அவள் படியிறங்கிப் போவதை மனைவி ஜன்னலிலிருந்து பார்த்தாள். கூப்பிடவில்லை.

பிறகு மூடி ஓய்வு பெற்றார். மாதம் பிறந்தால் பணம் வந்தது. ஓர் ஆளுக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவு. காஜா வேலை நிற்கவில்லை. மகள் வீட்டு முன்பணம் போனது போனதுதான். வாடகை குறைவாக இருக்கிறதென்று அவர்கள் ஊரின் மறுகோடிக்குக் குடிபோனதாக வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூடி மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பசி நன்றாக எடுத்தது. அதுவே அவருக்கு வெட்கமாக இருந்தது. காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தாலும் மூச்சு வாங்கவில்லை. படுத்தால் தூக்கம் வந்தது.

ஐந்தாவது மாதம் மகளிடமிருந்து போன் வந்தது. பள்ளிச் சான்றிதழ் ஒன்று பழைய பெட்டியில் இருக்கிறதா என்று கேட்கத்தான். மனைவி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்ன நினைத்தாளோ, போனை மூடியின் கையில் திணித்தாள்.

மறுமுனையில் மகள், வேறு எதுவும் வாயில் வராமல், எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிறதைக் கேட்டாள்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

நல்லா இருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை மூடி விழுங்கினார். உடம்பில் எங்கேயாவது ஏதாவது இருக்கிறதா என்று தலையிலிருந்து கால்வரை அவசரமாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"முட்டி வலிக்குதும்மா" என்றார். "நடக்கவே முடியல."

காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். காலையில் அவரோடு நடந்து, பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவள் அவள்.

"அப்படியா?" மகளின் குரல் சட்டென்று இளகியது. "எப்பலேருந்துப்பா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா? ரொம்ப வலிக்குதா?"

"ரொம்ப" என்றார் மூடி.